சொற்போர் மேடையைக் குத்துச்சண்டை வளையமாக மாணவர்களுக்குக் காட்டலாமா?

கேள்வி: சொற்போர் ஆசிரியை

வணக்கம். திருச்சியில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். மாணவர்களின் சொற்போர் அணிக்குப் பயிற்சியும் அளிக்கிறேன். குத்துச்சண்டையை நேரில் பழகியவர்களும் அதன் வரலாற்றை ஆர்வத்துடன் படிப்பவர்களும் இங்கே இருப்பதால், சில காலமாக என்னை உறுத்திவரும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

எங்கள் அணிக்கு எனக்கு முன்பு பயிற்சி அளித்தவர், சொற்போரை எப்போதும் குத்துச்சண்டையின் மொழியிலேயே விளக்குவார். முதல் சுற்றிலேயே எதிரணியை நிலைகுலையச் செய்ய வேண்டும், கயிற்றோரம் தள்ளி மூச்சுவிட இடம் கொடுக்காமல் அடிக்க வேண்டும், விழுந்தவர் நிமிர்வதற்குள் அடுத்த குத்து இறங்க வேண்டும் என்பவை அவர் அடிக்கடி சொன்னவை. மாணவர்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. மேடை ஏறவே தயங்கிய பிள்ளைகள் அதனால் துணிச்சல் பெற்றார்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அதே பிள்ளைகள், எதிரணியினர் பேசும்போது குறுக்கிடுவதையும், உச்சரிப்பைக் கேலி செய்வதையும், கேள்விக்கு விடை சொல்லாமல் கேட்டவருடைய ஊரையும் உடையையும் இழுத்துப் பேசுவதையும் திறமை என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள். அண்மையில் ஒரு போட்டியில், எதிரணி மாணவி ஒருவர் சொல்ல வந்த புள்ளிவிவரம் நினைவுக்கு வராமல் பாதியில் நின்றுவிட்டார். எங்கள் அணியினர் அந்த இடைவெளியில் புகுந்து கேள்வி மேல் கேள்வியாக எறிந்தார்கள், அரங்கம் கைதட்டியது, அந்தப் பெண் அழுதபடியே மேடையிலிருந்து இறங்கினார். கோப்பை எங்களுக்குத்தான் கிடைத்தது. கீழே இறங்கி வந்த எங்கள் மாணவர் ஒருவர் முகம் மலர, "நாக் அவுட், மேடம்" என்றார்.

எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பவரையும், பேச்சில் எதிரியை நொறுக்குவதையே குறியாகக் கொண்டவரையும் நாம் இயல்பாகவே குத்துச்சண்டைக்காரராக உருவகிக்கிறோம். தேர்தல் காலச் செய்திகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இந்த உருவகம் தாராளமாகப் புழங்குகிறது. இதை நான் வகுப்பிலிருந்து விலக்கிவிட வேண்டுமா, அல்லது அந்த விளையாட்டைச் சரியாக அறியாமல் அதன் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டோமா என்பதே நான் தெளிய விரும்புவது. கோபத்தைப் பற்றிக் குத்துச்சண்டை வீரருக்கு என்ன கற்பிக்கிறார்கள்? எதிராளி தடுமாறி விழும்போது அவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அந்த விளையாட்டு எதிர்பார்க்கிறது?

மறுமொழி: ராயபுரம் பழைய மாணவர்

அம்மா, வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கு விதிகளிலேயே விடை இருக்கிறது. எதிராளி விழுந்தவுடன், அவரை வீழ்த்தியவர் விலகிப்போய், இரு வீரர்களுக்கும் உரியதல்லாத பொதுமூலையில் நிற்க வேண்டும். விழுந்தவர் எழுந்திருக்கப் பத்து எண்ணும் நேரம் உண்டு. அவர் விரைவாக எழுந்துவிட்டாலும் பெரும்பாலான போட்டிகளில் நடுவர் எட்டுவரை எண்ணி, அவருடைய கண்களையும் நிற்கும் நிலையையும் பார்த்து, தொடர முடியுமா என்று கேட்டறிந்த பிறகே மறுபடியும் ஆடவிடுவார். அந்த நேரம் முழுவதும் வீழ்த்தியவருக்கு ஒரு வேலையும் கிடையாது. மூலையில் நிற்பது மட்டுமே அவர் செய்ய வேண்டியது.

இந்த விதி எளிதில் வந்துவிடவில்லை. 1743-இல் லண்டனில் ஜாக் பிராட்டன் எழுதிய விதிகளிலேயே, விழுந்துகிடப்பவரை அடிக்கக் கூடாது என்றும் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்றும் இருந்தது. ஆனால் விழுந்தவருக்கும் எழுந்துவிட்டவருக்கும் நடுவே ஒரு நொடி இருக்கிறது அல்லவா, அந்த நொடியை நெடுங்காலம் யாரும் காக்கவில்லை. 1919 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஜாக் டெம்ப்சி, தம்மைவிட மிகவும் உயரமான ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தினார். ஒவ்வொரு முறையும் விழுந்தவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அவர் முழங்கால் தரையைவிட்டு எழும்பியதும் மறுபடி அடித்தார். அன்றைய வழக்கப்படி அதைத் தவறென்று யாரும் தடுக்கவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 1927 செப்டம்பர் 22 அன்று, சிகாகோவில் இதே டெம்ப்சி ஏழாவது சுற்றில் ஜீன் டன்னியை வீழ்த்தினார். அதற்குள் பொதுமூலை விதி வந்துவிட்டது. டெம்ப்சியோ பழைய பழக்கத்தில் அருகிலேயே நின்றார். அவரைப் பொதுமூலைக்கு அனுப்பிய பிறகுதான் நடுவர் எண்ணத் தொடங்கினார். டன்னி ஒன்பதாவது எண்ணில் எழுந்தார். உண்மையில் அவருக்குப் பத்து விநாடிக்கும் மேலாகக் கிடைத்திருந்தது. பத்துச் சுற்றுகளின் முடிவில் புள்ளிகளில் வென்றவரும் டன்னிதான். டெம்ப்சி உடனே விலகியிருந்தால் பட்டம் கைமாறியிருக்குமா என்று இன்றுவரை வாதிடுகிறார்கள். உங்கள் மாணவர்கள் அந்தப் பெண் திகைத்து நின்றபோது செய்தது, 1919-இல் டெம்ப்சி செய்தது. இன்றைய வளையத்தில் அதைச் செய்தால் நடுவர் புள்ளியைக் குறைப்பார், மீறினால் வெளியேற்றுவார்.

கோபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வாத்தியார் கோபக்கார மாணவனைக் கண்டால்தான் மிகவும் கவலைப்படுவார். கோபம் வந்தவன் தோளை இறுக்கிக்கொள்வான். கையை அகலமாக வீசுவான். முகத்தைக் காக்க வேண்டிய மற்றக் கை தானாகக் கீழே இறங்கிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டே அடிப்பதால் இரண்டாவது நிமிடத்திலேயே களைத்துப்போவான். நிதானமாக இருப்பவன் அவனைத் தேடிப்போக வேண்டியதே இல்லை, அவனே குத்தின் வழியில் வந்து நிற்பான். அதனால் எங்களை முதலில் யாரையும் அடிக்கவிடவில்லை. நிற்பது, கால் மாற்றுவது, தாடையைத் தாழ்த்துவது, இடது கையால் ஜாப் என்னும் நேரான குத்தைப் போட்டு அதே வேகத்தில் கையை முகத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது, இவைதான் நீண்ட காலம் பாடமாக இருந்தன. குத்தை நீட்டுவதைவிடக் கையைத் திருப்பிக் கொண்டுவருவதற்கே அதிகமாகத் திட்டு வாங்கியிருக்கிறோம்.

ஸ்பாரிங் செய்யும்போது, அதாவது பயிற்சிக்காக ஒருவரோடொருவர் மோதிப் பழகும்போது, எதிரே நிற்பவன் நமக்குப் பாடம் சொல்பவன். அவன் அடிபட்டுப் படுத்துவிட்டால் மறுநாள் யாரோடு பழகுவது? எடை குறைந்தவனோடு நிற்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கனமாக அடித்தால் வாத்தியார் மணியை எதிர்பார்க்காமல் நடுவில் வந்து நிறுத்திவிடுவார். தெருவில் யாரையாவது அடித்தான் என்று காதுக்கு எட்டினால், அந்த மாணவன் பல நாள் கையுறை போட முடியாது, ஓரமாக நின்று பார்க்கத்தான் வேண்டும்.

வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று அணி பிரிந்து ஆடிய காலத்தின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள், மேடையில் ஆடிய தங்கள் ஆள் தோற்றால் தாங்களே தோற்றதாக எண்ணி உறங்காமல் இருந்திருக்கிறார்கள். 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதைப் பார்த்தவர்கள், நேற்று நடந்ததைப் போல அதைச் சொல்வார்கள். அந்தப் பகுதிகளில் பரம்பரைப் பகை மேடைக்கு வெளியே கொட்டியதும் உண்டு, பழகிய கைகளை அடியாள் வேலைக்கு அழைத்தவர்களும் உண்டு. அதை மூடி மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்த வேலைக்குப் போனவர்களைத் தம்முடைய மாணவர் என்று சொல்லிக்கொள்ள என் வாத்தியார் ஒருநாளும் உடன்பட்டதில்லை.

மறுமொழி: பழைய செய்தித்தாள் வாசகர்

ராயபுரம் நண்பர் வளையத்துக்குள் நடப்பதை விளக்கிவிட்டார். வளையத்துக்கு வெளியே நடப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசிரியையின் மாணவர்கள் யாரைப் பின்பற்றுகிறார்கள் என்பதில் எனக்கு வேறு எண்ணம் இருக்கிறது. மூன்று நிமிடச் சுற்றையும் ஒரு நிமிட ஓய்வையும் அவர்கள் பின்பற்றவில்லை. போட்டிக்கு முன்னால் எடை பார்க்கும் இடத்திலும் செய்தியாளர் சந்திப்பிலும் வீரர்கள் ஒருவரையொருவர் இழித்துப் பேசுகிறார்களே, அதைத்தான் அவர்கள் குத்துச்சண்டை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே நடுவர் இல்லை, மணி இல்லை, இடுப்புக்குக் கீழே என்று ஒரு கோடும் இல்லை.

1962 மார்ச் 24 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எமில் கிரிஃபித்தும் பென்னி பேரட்டும் மூன்றாவது முறையாக மோதினார்கள். எடை பார்க்கும்போது பேரட், கிரிஃபித்தைத் தொட்டு, அவருடைய ஆண்மையை இழிக்கும் வசைச்சொல் ஒன்றைச் சொன்னார். ஓரினச் சேர்க்கையாளர் என்று ஒருவர் மீது பேச்சு எழுந்தாலே வாழ்க்கை பாழாகிவிடும் காலம் அது. அன்று இரவு பன்னிரண்டாவது சுற்றில், கயிற்றில் சாய்ந்து கீழே விழக்கூட முடியாமல் மூலையில் சிக்கிய பேரட்டை, கிரிஃபித் இடைவிடாமல் அடித்தார். நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் குறுக்கே வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. தொலைக்காட்சியில் நேரலையாக நாடே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. நினைவு திரும்பாமலே பேரட் ஏப்ரல் 3 அன்று இறந்தார். அந்த வசைதான் அந்த அடிகளுக்குக் காரணம் என்று நான் அறுதியிட மாட்டேன்; தாம் கொல்ல நினைத்து அடிக்கவில்லை என்றுதான் கிரிஃபித் சொல்லிவந்தார். ஆயினும் அந்த மரணத்தின் சுமையை அவர் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்தார்.

முகமது அலியை நேசிப்பவன் நான். அதனாலேயே ஜோ ஃபிரேசியரிடம் அவர் நடந்துகொண்டதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததற்காக 1967-இல் அலியின் பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டன. அந்தக் காலத்தில் அவருக்குப் பண உதவி செய்தவர், அவர் மறுபடி ஆட வேண்டும் என்று வாதாடியவர் ஃபிரேசியர். அலி திரும்பி வந்ததும் அதே ஃபிரேசியரை, வெள்ளையருக்கு அடங்கிப்போகும் கறுப்பர் என்று ஊரறிய இழித்தார். 1975-இல் மணிலா போட்டிக்கு முன்பு அவரைக் கொரில்லா என்று அழைத்து, ரப்பர் பொம்மை ஒன்றைக் குத்திக் காட்டிச் செய்தியாளர்களைச் சிரிக்க வைத்தார். 1971 மார்ச் 8 அன்று பதினைந்தாவது சுற்றில் ஃபிரேசியர் இடது கையை வளைத்து வீசிய ஹூக் குத்து அலியைத் தரையில் சாய்த்தது. மணிலாவில் இருவரும் பதினான்கு சுற்றுகள் ஒருவரையொருவர் உருக்குலைத்துக்கொண்டார்கள். அந்த அடிகள் எதையும் ஃபிரேசியர் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. அந்தச் சொற்களை அவரால் பல்லாண்டுகள் மன்னிக்க முடியவில்லை. 2001-இல் அலி செய்தித்தாள் ஒன்றின் வழியாக வருத்தம் தெரிவித்தார். முப்பது ஆண்டுகள் என்பது ஒரு மனிதரின் வாழ்வில் சிறிய காலமா? 2011 நவம்பரில் ஃபிரேசியர் இறந்தபோது, நோயுற்ற நிலையிலும் அலி அந்த இறுதி வழிபாட்டுக்கு வந்திருந்தார்.

இதற்கு நேர்மாறாக ஜோ லூயிஸும் மேக்ஸ் ஷ்மெலிங்கும். 1938 ஜூனில் அவர்கள் மோதியபோது, ஒருவரை அமெரிக்காவாகவும் மற்றவரை ஹிட்லரின் ஜெர்மனியாகவும் உலகமே உருவகித்தது. லூயிஸ் முதல் சுற்றிலேயே முடித்துவிட்டார். அந்த உருவகத்தை அவர்கள் மீது ஏற்றியவர்கள் வேறு எவரோ. அவர்கள் இருவரும் போருக்குப் பின் நண்பர்களாகவே வாழ்ந்தார்கள்.

மறுமொழி: நரம்பியல் பிரிவுச் செவிலியர்

இரண்டு மறுமொழிகளையும் மதிப்புடன் படித்தேன். ஆனாலும் இருவரும் இந்த விளையாட்டை, அது தாங்கக்கூடியதைவிட உயரமான இடத்தில் வைக்கிறீர்கள் என்பது என் கருத்து. தலையில் அடிபட்டவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருப்பவள் நான், அதனால் எனக்கு இது வேறு விதமாகத் தெரிகிறது.

நாக் அவுட் என்பது மூளை சிறிது நேரம் தன் வேலையை நிறுத்துவது. தாடையில் பக்கவாட்டில் விழும் குத்து தலையைச் சுழற்றுகிறது. மண்டையோட்டுக்குள் மூளை அந்தச் சுழற்சியில் இழுபடுகிறது. மனிதர் நினைவிழந்து சாய்கிறார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டுவது இதற்குத்தான். 1928-இல் அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட், பல ஆண்டுகள் அடிவாங்கிய வீரர்களின் தள்ளாட்டத்தையும் குழறும் பேச்சையும் மங்கும் அறிவையும் மருத்துவ இதழில் விவரித்து எழுதினார். அப்படி எழுதிச் சற்றேறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகின்றன. ஒருவரை நினைவிழக்கச் செய்யும் பெரிய அடி மட்டுமே கேடு செய்வதில்லை என்பதும் இன்று தெரிந்திருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாத சிறிய அடிகள், பயிற்சியில் நாள்தோறும் விழுபவை, ஆண்டுக்கணக்கில் சேர்ந்து மூளையைக் கெடுக்கின்றன. பேரட் இறந்த போட்டிக்கு மூன்று மாதங்களுக்கும் சற்று மேலான காலத்துக்கு முன்புதான் ஜீன் ஃபுல்மரிடம் மிகக் கடுமையாக அடிபட்டு அவர் தோற்றிருந்தார். அவரை அவ்வளவு விரைவில் வளையத்துக்குள் அனுப்பியவர்களை விட்டுவிட்டு ஒரு வசைச்சொல்லை மட்டும் பேசுவது முழுமையாகாது.

விதிகளைப் புகழ்ந்தீர்கள். பெரும்பாலான விதிகள் யாராவது செத்த பிறகே வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிராட்டன் விதிகளை எழுதியதே, அவரிடம் அடிபட்ட ஒருவர் இறந்ததால்தான் என்று சொல்வார்கள். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மன்சினியுடன் பதினான்காவது சுற்றுவரை ஆடிய கொரிய வீரர் டுக் கூ கிம், சில நாள்களில் இறந்தார். அதன் பிறகே உலகப் பட்டப் போட்டிகள் பதினைந்து சுற்றுகளிலிருந்து பன்னிரண்டாகக் குறைந்தன. தலைக்கவசம் காப்பாற்றும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். மூளை அதிர்ச்சியை அது தடுப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லி, 2013-இல் ஆண்களுக்கான மேல்நிலை அமெச்சூர் போட்டிகளில் அதை நீக்கியும் விட்டார்கள்.

ஆகவே ஆசிரியைக்கு நான் சொல்ல விரும்புவது இது. குத்துச்சண்டையில் எதிராளி செயலற்றுப்போவதே முழு வெற்றி. அவர் செயலற்றுப்போன பிறகு தீர்க்க வேண்டிய கேள்வி எதுவும் மிச்சமில்லை. சொற்போரில் அந்தப் பெண் அழுதபடி இறங்கிய பிறகும் தலைப்பு அங்கேயேதான் இருக்கிறது. அவர் மறந்த புள்ளிவிவரம் உண்மையா பொய்யா என்று அரங்கில் இருந்த ஒருவருக்கும் தெரியாமலே போயிற்று. எதிரணி வலுவாகப் பேசினால்தான் கேட்பவர்களுக்கு ஏதேனும் விளங்கும். எவ்வளவு நல்ல விதிகளைச் சேர்த்தாலும் இந்த உருவகம் தன் குறியிலேயே பொருந்தவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதை முழுவதுமாக விட்டுவிடுவேன்.

மறுமொழி: ராயபுரம் பழைய மாணவர்

சகோதரி, நீங்கள் சொன்ன மருத்துவச் செய்திகளில் ஒன்றைக்கூட நான் மறுக்க மாட்டேன். என்னோடு பழகியவர்களில் பேச்சுத் தடுமாறுபவர்களும் இருக்கிறார்கள்; அவர்களைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. என் மகன் பழக வேண்டும் என்று கேட்டபோது, உடற்பயிற்சிக்கும் கால் வேலைக்கும் பையில் குத்துவதற்கும் சம்மதித்தேன், தலையில் அடிவாங்கும் ஸ்பாரிங்குக்குச் சம்மதிக்கவில்லை.

ஒன்றில் மட்டும் உங்களோடு வேறுபடுகிறேன். உருவகத்தை ஆசிரியை விட்டுவிட்டாலும் மாணவர்கள் விட மாட்டார்கள். அது அவர்கள் பார்க்கும் திரையிலும் கேட்கும் செய்தியிலும் இருக்கிறது. பாதி மட்டும் தெரிந்துகொண்டு அந்தப் பிள்ளைகள் "நாக் அவுட்" என்று பெருமைப்படுவதைவிட, மீதிப் பாதியையும் அறிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன். ஒருமுறை அவர்களை ஏதேனும் ஒரு பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள், அம்மா. இரண்டு பேர் ஒரு சுற்று ஆடி முடித்ததும், மணி அடித்த அந்த நொடியில் கைகள் எப்படிக் கீழே இறங்குகின்றன என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். மணிக்குப் பிறகு விழும் குத்தை எந்தக் கூட்டமும் பாராட்டுவதில்லை.

மறுமொழி: சொற்போர் ஆசிரியை

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. எடை பார்க்கும் இடத்தின் வசையைத்தான் மாணவர்கள் பின்பற்றுகிறார்கள் என்ற கருத்து, நான் பெயரிட முடியாமல் இருந்த ஒன்றைத் தெளிவாகக் காட்டிவிட்டது. செவிலியர் அம்மா சொன்னபடி குறிக்கோளிலேயே வேறுபாடு இருக்கிறது என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். "வீழ்த்துதல்", "நொறுக்குதல்" ஆகியவற்றை மதிப்பெண் தாளிலிருந்தும் பயிற்சிப் பேச்சிலிருந்தும் எடுத்துவிடப் போகிறேன். எதிரணியின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொன்ன பிறகே மறுக்க வேண்டும் என்பதற்கு மதிப்பெண் சேர்க்கவும் எண்ணியிருக்கிறேன்.

ஆனால் பொதுமூலை விதியை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். பேச்சாளர் ஒருவர் தடைபட்டு நின்றால், எதிரணியினர் வாய் திறக்காமல் அமர்ந்திருக்க வேண்டும், தலைவர் அவருக்குச் சிறிது நேரம் தர வேண்டும் என்று விதித்தாளில் எழுதலாம் அல்லவா? இன்னும் ஒரு ஐயம். தொடர முடியாத நிலையில் இருப்பவரை நிறுத்தும் உரிமை யாருக்கு இருக்க வேண்டும்? அந்தப் பெண்ணை அவருடைய அணியினராவது அழைத்து உட்கார வைத்திருக்கலாம். தோற்றுவிட்டதாக ஆகிவிடும் என்று அஞ்சியே அவர்கள் அப்படிச் செய்யவில்லை என்று பிறகு அறிந்தேன்.

மறுமொழி: பழைய செய்தித்தாள் வாசகர்

உங்கள் ஐயத்துக்கு மணிலாவிலேயே விடை இருக்கிறது. பதினான்காவது சுற்று முடிந்து ஃபிரேசியர் தம் மூலையில் வந்து அமர்ந்தபோது, அவருடைய ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண்ணில் ஏற்கெனவே பார்வை குறைவு. எதிரே வரும் வலது கையை அவரால் பார்க்க முடியவில்லை. இன்னும் மூன்று நிமிடம்தான் மிச்சம். ஃபிரேசியர் தொடர வேண்டும் என்று மன்றாடினார். பயிற்சியாளர் எடி ஃபட்ச், வளையத்தில் மனிதர்கள் சாவதை முன்பே பார்த்தவர். வீரரின் பேச்சைக் கேளாமல் போட்டியை நிறுத்திவிட்டார். எதிர் மூலையில் அலியும் நிற்க முடியாத நிலையில்தான் இருந்தார். இன்னும் ஒரு சுற்று ஆடியிருந்தால் வென்றிருக்கலாமே என்று ஃபட்சிடம் பலர் கேட்டார்கள். தாம் செய்தது சரி என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார்.

குத்துச்சண்டையில் அப்படி நிறுத்தினால் தோல்வி என்றே பதிவாகும். அதை மாற்ற வழியில்லை. உங்கள் போட்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நிறுத்தும் உரிமையைத் தலைவருக்கும், அந்தந்த அணியின் பயிற்சியாளருக்கும் கொடுங்கள்; பேசுபவரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் மேடையில் நிற்கும் யாரும் தாமாக முன்வந்து நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். நிறுத்தினால் அணி தோற்றதாகாது, அவருடைய மீதி நேரத்தை அதே அணியின் வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதிவிடுங்கள். அப்படி எழுதியிருந்தால் அன்று அந்த மாணவியின் தோழியர் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்திருப்பார்கள். விதித்தாளைத் தயாரித்ததும் இங்கே பதிவிடுங்கள். ராயபுரம் நண்பரும் செவிலியர் அம்மாவும் நானும் படித்துப் பார்த்துச் சொல்கிறோம்.